தாளின் அடியில் இருந்த எச்சரிக்கை

குமாருக்கு அம்மா எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன், நீ மட்டும் தனியாக உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. என் கடிதம் வந்தால் உறையைக் கிழித்த கையோடு கூடத்தில் நின்று உரக்கப் படிக்க ஆரம்பிப்பது உன் வழக்கம். மாமாவும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உம் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இந்த ஒரு முறை அது வேண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அம்மா நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். பிறகு சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம் போய் ஏதாவது ஒரு படியில் உட்கார்ந்து மீதியைப் படி.

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. இதற்குள் இரண்டு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். பம்பு கம்பெனியில் உன்னைத் தமிழில் கையேடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அதற்காக நான் படித்த அதே தொழில்நுட்ப எழுத்துப் பட்டமேற்படிப்பில், அதே சனி ஞாயிறு வகுப்பில் சேரப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். என் பழைய நோட்டுகளைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தாயாம். சாயப் பட்டறைக்காக நான் எழுதிய தாளின் கையெழுத்துப் பிரதி அதில் கிடைத்ததாம். "அடியில் கட்டம் போட்ட எச்சரிக்கைக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்களே, யார் அது?" என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, போகிற போக்கில், "மாமா அந்தப் பேப்பரெல்லாம் தனக்கும் படிச்சுக் காட்டணும்னு சொல்லிக்கினு இருக்காரு, மாசக் கடசி ஞாயித்துக்கிழமை படிக்கலாம்னு இருக்கேன்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாற்றலாகி வந்த இந்த வேலூர் வெயிலில் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை செய்கிற டீச்சர் வந்து, "என்ன, வீட்ல ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமாவின் இடது கண் போனதற்கு அவனுடைய அவசரம்தான் காரணம் என்று நீ கேட்டு வளர்ந்திருக்கிறாய். அவனே உன்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அது அப்படியல்ல. அவன் அன்றைக்குக் கேட்டுச் செய்தது நான் எழுதிய தாளை. தாள் எழுதிய விதத்தில் தப்பு இருந்தது. அந்தத் தப்பைப் பென்சிலால் தொட்டுக் காட்டியவர் என் ஆசிரியர். தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே நான் அதைப் பார்த்தேன். மாற்றவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வருஷமாக, அவன் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இனிமேல் நான் எழுதப் போவது எப்படி நடந்தது என்பது. ஏன் நடந்தது என்று கேட்காதே. அது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

அப்போது உனக்கு ஏழு வயது. நான் பெண்கள் பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. சங்கத்துக்கு மெட்ராஸிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் வரும். கூடவே ஆங்கிலத்தில் ஒரு காகிதம் இருக்கும். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து அர்த்தம் கேட்பார். நான் சொல்லச் சொல்ல அவர் முத்து முத்தாக எழுதிக்கொள்வார். இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, வேலையை விடாமல் வாரக்கடைசியில் போய்ப் படிக்கலாம் என்று பேப்பரில் பார்த்தபோது எனக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாணமாகிக் குழந்தை பெற்ற டீச்சர், வாராவாரம் தனியாக மெட்ராஸ் போய் வருவதா என்று தெருவே பேசியது. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் சுபாவம் உனக்குத் தெரியும். சரி என்று சொன்னது உன் மாமாதான். "அக்கா படிக்கட்டும் மாமா. நான் கொண்டுபோய் பஸ் ஏத்திட்டு வரேன், கொழந்தையயும் பாத்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னான். இருபத்து மூன்று வயது. தனியாகச் சாயப் பட்டறை போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கை இரண்டும் எப்போதும் முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும்.

மூன்று வருஷம், குமார். ஒரு சனிக்கிழமை தவறாமல் பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவன் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். கம்பி குத்தக் கூடாது என்று பழைய புடவையை மடித்துக் கட்டியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் அதே இடத்தில் நிற்பான். பையை என் கையிலிருந்து வாங்கி ஹேண்டில் பாரில் மாட்டிக்கொண்டு, "இன்னாக்கா, இன்னிக்கி இன்னா சொல்லிக் குடுத்தாங்கோ?" என்று கேட்பான். சின்ன வயசிலேயே பட்டறை வேலைக்குப் போனதால் அவன் பள்ளிக்கூடமே போகாதவன். ஆனால் அவ்வளவு ஆர்வமாகக் கேட்பான். வகுப்பில் நடந்ததை எல்லாம் வீடு வந்து சேருகிறவரை சொல்லிக்கொண்டு வருவேன். சொல்லப் போனால் அந்தப் படிப்பை நான் ஒருத்தி படிக்கவில்லை, சைக்கிளில் இரண்டு பேராகத்தான் படித்தோம்.

முதல் மாதத்து வகுப்பு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆசிரியர் ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லியாக, எப்போதும் வெள்ளைக் கால்சட்டையில் வருவார். வகுப்பில் பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. ஒரு நாள் பித்தளை காபி ஃபில்டர், ஒரு டப்பா பொடி, ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் எல்லாம் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். டிகாக்ஷன் போடுவது எப்படி என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இந்த ஆண்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். அவர் ஒவ்வொரு தாளாக எடுத்து, ஒரு வரியைப் படித்து, படித்த வரியை அப்படியே செய்தார். அடுத்த வரியைப் பார்க்கவே மாட்டார். என் தாள் வந்தது. பொடியைப் போடவும் என்றிருந்தது, போட்டார். வெந்நீரை ஊற்றவும் என்றிருந்தது, ஊற்றினார். அடுத்த வரியில் நான், ஊற்றுவதற்கு முன் மேல் அடுக்கைக் கீழ் அடுக்கில் சரியாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்குள் வெந்நீர் மேஜையில் ஓடி அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் வழிந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே, கைக்குட்டையால் துடைத்தபடி, "வெந்நீரோடு போச்சு அம்மா" என்றார்.

அன்றைக்கு இதை சைக்கிளில் சொன்னபோது உன் மாமா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப அத்த மொதல்லயே சொல்ல வேணாமாக்கா? கொட்டினப்பறம் சொல்லி இன்னா பிரயோசனம்?" என்றான். இந்த வார்த்தையை நினைத்துக்கொள். மூன்று வருஷம் அந்தப் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதன் சாரம் முழுவதையும் எழுத்தே தெரியாத அவன் அன்றைக்கு ராஜ வீதி முனையில் நின்று சொல்லிவிட்டான். நானும் கேட்டேன். ஆமாம்டா என்றேன். பிறகு எங்கே போயிற்று அது? வயிற்றுக்குள் போன சோறு மாதிரி தெரியாமல் போய்விட்டது. பரீட்சையில் கேட்டிருந்தால் அழகாக எழுதியிருப்பேன்.

மூன்றாவது வருஷம் கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத் தாய்மொழியில் ஒரு செய்முறைத் தாள் எழுதித் தர வேண்டும். அப்போது சங்கத்தில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் சேர்ப்பார்கள். அதுவரைக்கும் கடையில் நீர் கலந்து கொடுப்பதைத்தான் சாயக்காரர்கள் வாங்குவார்கள். இனிமேல் கெட்டி ஆசிட்டாகவே வரவழைத்துப் பட்டறைகளுக்குக் கொடுப்பது, அவரவர் கலந்துகொள்வது என்று முடிவாயிற்று. அதற்கு ஒரு தாள் வேண்டும் என்று அப்பா சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் எழுதி எழுதி அடித்தேன். ஒவ்வொரு படியும் ஒரே ஒரு சின்ன வாக்கியம். எண் போட்டு, வரிசையாக. ஒரு பங்கு அமிலத்தைப் பீங்கான் ஜாடியில் எடுத்துக்கொள்ளவும். இருபது பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கவும். இப்படிப் பதினான்கு வரி. எல்லாவற்றுக்கும் கீழே, கட்டம் கட்டி, பெரிய எழுத்தில்: எச்சரிக்கை, அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படி எழுதலாமா என்று நீ கேட்பாய். வருஷா வருஷம் லேபில் நுழைந்ததும் பெண்களிடம் நான் சொல்கிற முதல் வார்த்தையே அதுதான். கீழே கட்டத்தில் தெளிவாக வருகிறதே என்ற தைரியம் போலிருக்கிறது. அந்தக் கட்டம் தாளுக்கு அவ்வளவு லட்சணமாக இருந்தது. பூ வேலை செய்த விளிம்புகூட வரைந்திருந்தேன். எழுதி முடித்து உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, மேலிருந்து கீழ்வரை மௌனமாக இரண்டு தடவை படித்துவிட்டு, "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது" என்றார். அத்தோடு சோதித்துப் பார்த்தது முடிந்தது. யாருக்காக எழுதினேனோ அவன் அதே வீட்டில், பத்தடி தள்ளி, உனக்குப் பம்பரம் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் ஏன் காட்டவில்லை? அவனுக்குப் படிக்கத் தெரியாது, தாளைக் கையில் கொடுத்தால் கூச்சப்படுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கத் தெரியாதவனிடம் போய் என்ன கேட்பது என்ற எண்ணமும் ஓரத்தில் இருந்திருக்குமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எது நிஜம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆசிரியரிடம் கொடுத்தேன். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போட்டிருந்தார். ஆனால் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில், நீ பார்த்தாயே, "இதை நான்காவது வரிக்கு முன்னால் கொண்டுபோகலாமா?" என்று மெலிதாக ஒரு கேள்வி. சிவப்பு மையில் எழுதியிருந்தால் மாற்றியிருப்பேனோ என்னவோ. கேள்வியாகக் கேட்டிருந்தார், நான் அதற்கு இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டேன். மேலே கொண்டுபோனால் எண் வரிசை கெடும், கட்டத்தின் அழகு போய்விடும், எடுத்த எடுப்பில் பயமுறுத்துகிற மாதிரி இருக்கும், படிக்கிறவன் முழுத் தாளையும் படித்துவிட்டுத்தானே வேலையில் கை வைப்பான். இத்தனை காரணம் சொன்னேன். அடுத்த வாரம் தாள் அச்சுக்குப் போயிற்று. அச்சான தாள்களை அச்சுக்கூடத்திலிருந்து சங்கத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று நினைக்கிறாய்? கேரியரில் நான் உட்காருகிற அதே இடத்தில், அதே புடவைத் துணியின்மேல் வைத்துக் கட்டி, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க அக்கா எழுதுனது" என்று சொல்லிக்கொண்டே போனானாம்.

இனி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், என்னால் விரிவாக முடியாது. சாயப் பட்டறையில் வேலை செய்கிறவன் கை எப்போதும் ஈரம். காகிதத்தைத் தொட முடியாது. அதனால் அங்கே எதையும் படிப்பது ஒரே ஒருத்தர்தான், பக்கத்துப் பட்டறைக்காரர் நாயுடு. காலையில் பேப்பரும் அவர்தான் படிப்பார். ஒரு வரி படிப்பார், நிறுத்துவார், கேட்கிறவர்கள் உம் என்றால் அடுத்த வரி. அந்த ஊரில் அந்தத் தெருவில் அப்படித்தான் படிப்பது வழக்கம், எனக்குத் தெரியாததா? நான் வளர்ந்த தெரு. அன்று காலை புது ஆசிட் வந்து இறங்கியிருந்தது. நாயுடு என் தாளை எடுத்து வாசலில் நின்று ஒரு வரி படித்தார், மாமா அதைச் செய்தான், உம் என்றான். அடுத்த வரி. செய்தான், உம் என்றான். நான்காவது வரியில் ஆசிட்டை ஜாடியில் எடுத்தான். ஐந்தாவது வரியில் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றினான். எச்சரிக்கை வருவதற்கு இன்னும் ஒன்பது வரி இருந்தது. ஆசிட் கொதித்து மேலே தெறித்தது.

எனக்குத் தகவல் வந்தபோது லேபில் இருந்தேன். மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். மூன்றாவது நாள், இடது கண்ணுக்கு இனி பார்வை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கையைப் பிடித்து அழுதிருக்கலாம். என் தாள்தான்டா என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடைசி வரைக்கும் கேட்டிருக்கக் கூடாதாடா?" என்றேன். அவன் தலையணையில் என் பக்கமாகத் திரும்பினான். பிறகு, "என் தப்புதான்க்கா. நீ கரெக்டாத்தான் எழுதிக்கீற. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தை அவன் அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டான். இன்றுவரைக்கும் கீழே வைக்கவில்லை. "முழுசா கேட்டுக்கினு அப்பறம் கைய வைடா" என்று உன்னை எத்தனை தடவை அதட்டியிருக்கிறான். சைக்கிள் பழகும்போது, ஸ்டவ் பற்றவைக்கும்போது, கணக்குப் போடும்போதுகூட. ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படியில் இருந்து கேட்டிருக்கிறேன்.

சங்கத்தில் விசாரித்தார்கள். செய்முறைத் தாளை முழுமையாகக் கேளாமல் செயல்பட்டதால் விளைந்த விபத்து என்று எழுதினார்கள். எழுதியது உன் அப்பாவின் கை, அவர்தானே குமாஸ்தா. எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பென்சில் குறிப்பு தெரியுமா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மாமாவுக்கு அப்போது திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். அது நின்றுபோயிற்று. கண்ணால்தான் நின்றது என்றும் சொல்வதற்கில்லை, பெண்ணின் தாத்தா இறந்து ஒரு வருஷம் தள்ளிப்போட்டதும் உண்மை. ஆனால் அந்த வருஷம் முடிந்ததும் அவர்கள் வரவில்லை. நாங்கள் கேட்டபோது இவனும் வேண்டாம் என்றுவிட்டான். நீதான் அவனுக்குப் பிள்ளையாய் வளர்ந்தாய். அதற்கு நான் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா?

நம் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது, நான் பட்டயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறான். சின்ன வயசில் அதைக் காட்டி, எங்க மாமா சினிமா நடிகர் மாதிரி இருக்கிறார் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். அது விபத்து நடந்து நான்கு மாதம் கழித்து எடுத்த படம். வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு அந்தப் பட்டயத்தைக் கொடுத்தார்கள். முதலாவதாக வந்தது அந்தத் தாளுக்காக. நான் போகமாட்டேன் என்றேன். "மூணு வருஷம் மிதிச்சவன் நானு. எனக்காவது வாக்கா" என்று அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். மேடையில் ஆசிரியர் பட்டயத்தை நீட்டியபோது என்னைப் பார்த்தார், கீழே உட்கார்ந்திருந்த இவனையும் பார்த்தார். அதற்குப் பிறகு நான் ஒரு தாள்கூட எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் பிராயச்சித்தம் ஆகிவிடும் என்று நினைத்தேன் போல. அடுத்த வருஷம் சங்கத்தில் என் தாளை அப்படியே மறுபடி அச்சடித்தார்கள். மாற்றச் சொல்லி நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பார்களே. மாமாதான் ஒவ்வொரு பட்டறையாகப் போய், தன் கண்ணைக் காட்டி, "மொதல்ல தண்ணி, அப்பறம் ஆசிட்டு" என்று வாயால் சொல்லிவிட்டு வந்தான். என் தாள் செய்திருக்க வேண்டிய வேலையை அவன் செய்தான், அதுவும் தன் தப்புக்குப் பரிகாரமாக என்று நினைத்துக்கொண்டு.

இப்போது நீ கேட்கிறாய், அந்தப் படிப்பில் சேரட்டுமா என்று. எட்டு நாளாக யோசிக்கிறேன், காலையில் ஒரு பதில் வருகிறது, பள்ளிக்கூடம் விடுவதற்குள் வேறு பதில் வருகிறது. படிப்பில் ஒரு குறையும் இல்லை. சொல்லவேண்டியதை முதல் மாதத்திலேயே ஒரு ஃபில்டரை வைத்துச் சொல்லிவிட்டார்கள். அதையே பென்சிலில் மறுபடியும் எழுதிக் காட்டினார்கள். அப்படியும் எனக்கு வரவில்லை என்றால் அந்தப் படிப்பு உனக்கு மட்டும் எப்படி வரும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், ஓரிக்கைப் பக்கம் ஈரக் காலோடு வயலில் நின்று மோட்டார் சுவிட்சில் கை வைக்கப் போகிறவனுக்கு நீ கையேடு எழுதப் போகிறாய், படிக்காமல் அதை எழுதிவிடாதே என்று பதறுகிறது. வார நாளில் வேலை, வாரக்கடைசியில் வகுப்பு, பஸ்ஸில் நோட்டு என்று ஓடும்போது வீட்டில் இருக்கிறவன் கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறானா? அதுவும் இருக்கலாம். இல்லை, என் கர்வம்தான் எல்லாவற்றுக்கும் காரணமாகவும் இருக்கலாம். சேர் என்றும் சொல்ல வரவில்லை, சேராதே என்றும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நீ எழுதுகிற எதையும் மாமாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. அவன் கை எங்கே போகிறது என்று பார். அவன் கை தப்பான இடத்துக்குப் போனால் தப்பு உன் தாளில் இருக்கிறது, அவனிடம் இல்லை.

இந்தக் கடிதத்தின் முடிவை முதலில் வேறுவிதமாக எழுதியிருந்தேன். கிழித்துப் போட்ட இரண்டு கடிதத்திலும், நீ தனியாகப் படித்து முடித்த பிறகு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டிவிடு என்றுதான் முடித்திருந்தேன். என் வாயால் சொல்ல வேண்டியதை உன் வாயால் சொல்லவைக்கப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன்மேல் இறக்கி வைத்த பாரத்தை இப்போது பிள்ளை தலையில் ஏற்றுவதா என்று இன்றைக்குத்தான் உறைத்தது. வேண்டாம். நீ எதுவும் படித்துக் காட்ட வேண்டாம். இந்தக் கடிதத்தையும் பென்சில் குறிப்பு உள்ள அந்தத் தாளையும் உன்னிடமே வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டால் நானே படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று மட்டும் மாமாவிடம் சொல்லு. அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவான். இப்போதெல்லாம் சைக்கிளை ஓட்டுவதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருகிறான், ஆனாலும் வராமல் இருக்கமாட்டான். நான் இறங்கியதும் பைக்குக் கையை நீட்டுவான். வீட்டுக்கு வந்து, காபி குடித்து, சாப்பிட்டு, சமயம் பார்த்துக் கடைசியில் சொல்லலாம் என்று மனசு இப்போதே தரகு பேசுகிறது. அதன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. பையை அவன் வாங்குவதற்கு முன்னால், பஸ் ஸ்டாண்டிலேயே, அத்தனை பேருக்கு நடுவில் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை, குமார். எப்போதும்போல் என் தப்புதான்க்கா என்று சொல்லிவிடுவானோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். பையை வாங்கிக்கொண்டால் கூடவே நடந்து வருவேன். வாங்காமல் திரும்பிப் போய்விட்டால், நானே தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். அவன் தனியாக வந்து நுழைந்தால் ஏன் என்று கேட்காதே. அவன் இடது பக்கம் நிற்காமல், பார்வை உள்ள பக்கமாக நின்றுகொள். எனக்குக் கதவைத் திறந்து வை.

அம்மா